ஆசாவின் காலும் எசேக்கியாவின் அத்திப்பழமும்

அரியலூர் போகும் என் வண்டி புறப்பட இன்னும் பத்து நிமிடம் இருந்தது. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டில், பின்படிக்கட்டில் ஒற்றைக்காலை வைத்து நின்றபடி ஊர்ப்பெயரைக் கூவிக்கொண்டிருந்தேன். புரட்டாசிச் சனிக்கிழமை. கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்கள் தூக்குவாளியும் துளசி மாலையுமாக ஏறி முன்பக்கத்தை அடைத்துவிட்டார்கள். துளசி வாசனையும் வேர்வையும் கலந்து வண்டிக்குள் ஒரே புழுக்கம்.

அந்தக் கூட்டத்துக்குள் வெள்ளைச் சேலை ஒன்று தெரிந்தது. என் தங்கை சாராள். வலது காலில் செருப்பு இருந்தது, இடது காலில் இல்லை. இடது பாதத்தில் ரவிக்கைத் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தாள். அவள் தையல்காரி. வெட்டுத்துணிக்கு வீட்டில் பஞ்சமில்லை.

"என்னம்மா, கால்ல?"

"மெஷின் ஊசி ஒடஞ்சு கீழ கெடந்துருக்குண்ணே. பாக்காம மிதிச்சுட்டேன். மூணு வாரம் ஆவுது, ஆறவே மாட்டேங்குது. பக்கத்து வூட்டு ஜெயா, இது சக்கரையாத்தான் இருக்கும், ஆஸ்பத்திரிக்குப் போங்குறா."

கண்டக்டர் சீட்டில் அவளை உட்கார வைத்தேன். வண்டி கிளம்பியது. கடைசி வரிசை வரைக்கும் நெருக்கித் தள்ளி டிக்கெட் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றபோது, நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"அண்ணே, ஆசா ராஜாவுக்கும் கால்லதானே வியாதி?"

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படித்து வருகிற செந்துறை வாசகர் ஒருவர், டிரைவர்களைப் பற்றியும் செக்கிங் இன்ஸ்பெக்டர்களைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்களே, உங்களுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லையா என்று கேட்டிருந்தார். இருந்தாள், ஒருத்தி. இப்போது இல்லை. அவளைப் பற்றி எழுத இரண்டு முறை உட்கார்ந்து, இரண்டு முறையும் எழுந்து போய்விட்டேன். இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

வெள்ளைச் சட்டை

அவளுடைய கேள்வி புரிய வேண்டுமானால் எங்கள் சபையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். பெரம்பலூரில் ஒரு வாடகை ஹாலில் கூடுகிற சின்னச் சபை. நாற்பது, ஐம்பது குடும்பம் இருக்கும். வெள்ளை உடைதான் உடுத்துவோம். நகை போட மாட்டோம். மருந்து சாப்பிட மாட்டோம். தலைவலிக்குத் தைலம் தடவலாமா கூடாதா என்பதில் மட்டும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். பஸ்ஸில் என் சக கண்டக்டர்கள் "உங்க ஆளுங்களுக்குக் காய்ச்சல் வந்தா என்னய்யா பண்ணுவீங்க, வெயில்ல காயவைப்பீங்களா?" என்று கேலி செய்வார்கள். நானும் சிரித்துக்கொள்வேன். அவர்களுக்கு எங்கள் அப்பாவைத் தெரியாது.

அப்பா தா.பழூர்ப் பக்கத்து வயல்களில் கூலிக்கு நாற்றுக்கட்டு சுமந்தவர். நிலத்துக்காரர் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகூட அவரை "டேய்" என்றுதான் கூப்பிடும். நான் நாலாவது படிக்கும்போது அவருக்கு இருமலில் ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரிக்கு அலைந்து அலைந்து, கடைசியில் குடிசை மூலையில் பாயில் சுருண்டு கிடந்தார். அம்மா அழுவதைக்கூட நிறுத்திவிட்டாள்.

அப்போது சைக்கிளில் வந்த சபை ஊழியக்காரர் ஒருவர் குனிந்து எங்கள் குடிசைக்குள் நுழைந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. தயங்காமல் அப்பாவின் பாயிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவர் நெஞ்சில் கை வைத்து, "பிரதர்" என்று கூப்பிட்டார். அப்பா அன்றைக்கு அழுததைப் போல் நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

அப்பா பிழைத்துக்கொண்டார். இருமல் நின்றது. எப்படி நின்றது என்று எனக்குத் தெரியாது, ஆனால் நின்றது உண்மை. அதை இன்றைக்கும் நான் மறுக்க மாட்டேன். அதற்குப் பிறகு பெரம்பலூருக்குக் குடிவந்து, மூட்டை தூக்கி எங்களைப் படிக்க வைத்து, எழுபது வயதைத் தாண்டிச் செத்தார். ஒரு மாத்திரையைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சொட்டு நீலம் போட்டு வெளுத்த சட்டையில், சபையின் முன்வரிசை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். மருந்து சாப்பிடாமல் இருந்ததைத் தன்னைப் பிழைக்க வைத்தவருக்குத் தான் காட்டும் நன்றியாகவே அவர் நினைத்தார்.

மருந்து சாப்பிட்டவர்களை யாரும் அடிக்கவோ விரட்டவோ மாட்டார்கள். மூன்று மாதம் கர்த்தருடைய பந்தியில், அதாவது அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும்போது, அவர்கள் கை நீட்ட முடியாது. அவ்வளவுதான். தட்டு அவர்களைத் தாண்டிப் பக்கத்து ஆளிடம் போகும். சாராளின் கணவர் கல்யாணமான மூன்றாம் வருடமே லாரி விபத்தில் போய்ச் சேர்ந்தார். பிள்ளை இல்லை. துறைமங்கலத்தில் ஒரு அறை, ஒரு தையல் மெஷின், அப்புறம் சபை. அவளுக்கு இருந்தது அவ்வளவே. அந்தத் தட்டு தன்னைத் தாண்டிப் போவதை அவளால் தாங்க முடியாது.

நீள நோட்டு

நான் அந்தச் சபையின் செல்லப்பிள்ளை. எந்த வசனம் எந்த அதிகாரத்தில் என்று கேட்டால் டக்கென்று சொல்வேன். முப்பது வருடம் நிறுத்தங்களை மனப்பாடம் செய்தவனுக்கு இது பெரிய வித்தையில்லை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்ததும் அரை மணி நேரம் கேள்வி நேரம் என்று ஒன்று வைப்பார்கள். "அங்க அப்புடிப் போட்டுருக்கு, இங்க இப்புடிப் போட்டுருக்கு, எது பிரதர் சரி?" என்று ஆளுக்கொன்று கேட்பார்கள். நான் எழுந்து இரண்டையும் சமாதானம் செய்து வைப்பேன்.

இதற்காகவே ஒரு நீள நோட்டுப் போட்டிருந்தேன். இடது பக்கம் ஒரு வசனம், வலது பக்கம் அதற்கு மாறாகத் தெரிகிற வசனம், கீழே என் விளக்கம்.

எரிகோ ஊரில் இயேசு பார்வை கொடுத்தது ஒருவனுக்கு என்று ஒரு சுவிசேஷம் சொல்லும், இரண்டு பேருக்கு என்று இன்னொன்று சொல்லும். நான் இப்படி அவிழ்ப்பேன்: "என் வண்டியில பார்வையில்லாதவங்க ரெண்டு பேரு ஏறுறாங்க. ஒருத்தரு எனக்குப் பழக்கம். வூட்டுக்குப் போயி, இன்னிக்கு அவரு வந்தாருன்னுதான் சொல்லுவேன். இன்னொருத்தரு ஏறலன்னு ஆயிடுமா?" சபை சிரிக்கும். "ஸ்தோத்திரம்" என்று நாலு குரல் எழும்பும். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

ஒரு முறை மாட்டிக்கொண்டேன். அகசியா என்ற ராஜா பட்டத்துக்கு வந்தபோது இருபத்திரண்டு வயது என்று ஓரிடத்தில் இருக்கிறது. இன்னோரிடத்தில் நாற்பத்திரண்டு. அவன் தகப்பன் செத்ததே நாற்பது வயதில். அப்படியானால் மகன் தகப்பனுக்கு இரண்டு வயது மூத்தவன். பிரதி எடுத்தவரின் கைப்பிழையாக இருக்கும் என்று நான் சொல்லப்போக, பாஸ்டர் முகம் சுருங்கிவிட்டது. "வேதத்துல பிழை இல்ல பிரதர், நம்ம கண்ணுலதான் பிழை" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமையே வேறொரு விளக்கத்தோடு போனேன். அது என்ன விளக்கம் என்று இப்போது எனக்கே ஞாபகமில்லை.

பிழை என்று ஒப்புக்கொள்வதைவிட எதையாவது சொல்லி ஒட்டுப்போடுவது லாபம் என்று அன்றைக்கு நான் கற்றுக்கொண்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் ஏறியது. ஒட்ட முடியாத இரண்டு வசனங்களை யாராவது கொண்டுவர மாட்டார்களா என்று காத்திருப்பேன்.

பேரளி தாண்டி

அப்படித்தான் சாராள் கொண்டுவந்தாள், பஸ்ஸுக்குள்ளேயே.

ஆசா யூதா நாட்டு ராஜா. கடைசிக் காலத்தில் அவன் கால்களில் கடுமையான வியாதி வந்தது. அப்போதும் கர்த்தரைத் தேடாமல் வைத்தியர்களையே தேடினான், பிறகு செத்துப்போனான் என்று வேதம் சொல்கிறது. மருந்துக்கு எதிராக எங்கள் சபையில் முதலில் எடுக்கிற கதை அது. எசேக்கியாவும் அதே நாட்டு ராஜா, சில தலைமுறை தள்ளி வந்தவன். சாகக் கிடந்தவனுடைய புண்ணின்மேல் அத்திப்பழத்தை அடையாக வைத்துக் கட்டச் சொன்னார் தீர்க்கதரிசி. அவன் பிழைத்தான்.

"வெள்ளிக்கிழம ஜெபத்துல ஒரு சிஸ்டரு ஆசா கதையச் சொல்லி ஜெபம் பண்ணுச்சுண்ணே. எங்காலப் பாத்துக்கிட்டேதான் பண்ணுச்சு" என்றாள் சாராள். "அப்பறம் எனக்கு எசேக்கியா ஞாவகம் வந்துச்சு. அவனுக்கும் புண்ணுதானே? ஒருத்தன வைத்தியத்துக்குப் போனான்னு குத்தஞ் சொல்லுது. ஒருத்தனுக்கு வைத்தியம் சொல்லியே குடுக்குது. ரெண்டுல எதுண்ணே எனக்கு?"

வண்டி பேரளி தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. எதிரே சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக வர, தூசிக்காக ஜன்னல்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு விளக்க ஆரம்பித்தேன்.

ரெண்டும் முரண் இல்லை என்றேன். ஆசாவைக் குற்றம் சொன்னது வைத்தியரிடம் போனதற்காக இல்லை, கர்த்தரைத் தேடாமல் போனதற்காக. எசேக்கியா என்ன செய்தான்? முதலில் சுவர்ப்பக்கம் திரும்பி அழுது ஜெபித்தான். கர்த்தர் பேசினார். அதற்குப் பிறகுதான் அத்திப்பழம். ஆகவே வரிசைதான் முக்கியம். முதலில் தேட வேண்டும், அவர் சொன்ன பிறகு மருந்து. இப்போதும் இந்த விளக்கத்தில் எனக்கு ஓட்டை தெரியவில்லை. எந்தப் பெரிய ஊழியக்காரரிடம் கேட்டாலும் ஏறத்தாழ இதைத்தான் சொல்வார்.

பக்கத்து சீட்டில் இருந்த ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர், "நல்லாச் சொன்னீங்க கண்டக்டர், நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்றார். நான் அடக்கமாகச் சிரித்தேன்.

முன்னால் துளசி மாலையோடு நின்ற பூக்காரம்மாவுக்கு மட்டும் பொறுக்கவில்லை. "ஏந் தம்பி, அந்தப் புள்ளக்கிக் கால் இம்மாம் பெருசா வீங்கிக் கெடக்கு, நீ ராசா கதை சொல்லிக்கிட்டு நிக்கிற. நானுந்தான் பெருமாள வேண்டிக்கிறேன், பிரஷர் மாத்திரையும் போட்டுக்கிறேன்."

"அது உங்க வழிங்கம்மா" என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன்.

சாராள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப, கர்த்தர் சொன்னா ஆஸ்பத்திரிக்குப் போவலாமாண்ணே?"

"தாராளமா."

"சொல்லுவாரா?"

"சொல்லுவாரும்மா. தேடு, காத்திரு."

அரியலூரில் எல்லோரும் இறங்கினார்கள். அவள் இறங்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்தாள். வண்டி திரும்பும் நடையிலும் அதே சீட்டில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பெரம்பலூர் வந்து, நொண்டிக்கொண்டு இறங்கிப் போனாள். அவளுக்கு அரியலூரில் ஒரு வேலையும் இல்லை. என்னைப் பார்க்கத்தான் பஸ் ஏறியிருக்கிறாள். நான் "போயிட்டு வா" என்று ஒரு வார்த்தை சொல்வேன் என்று வந்திருக்கிறாள். நான் அவளுக்குப் பாடம் எடுத்து அனுப்பினேன். இது எனக்கு உறைக்க ரொம்ப நாள் ஆனது. உறைத்தபோது என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மூன்று போன்கள்

அந்த மாதம் எனக்கு ஜெயங்கொண்டம் ரூட் மாற்றிப் போட்டார்கள். நான் குடியிருப்பது அரியலூரில். பெரம்பலூர் பக்கம் போகவே முடியவில்லை, வெள்ளிக்கிழமை ஜெபமும் விட்டுப்போயிற்று. சாராள் போனில்தான் பேசினாள்.

முதல் போன்: "உபவாசம் இருக்கேண்ணே. ஒருவேளதான் சாப்புடுறேன். இன்னும் ஒண்ணும் சொல்லல." பொறுமையாக இருக்கச் சொன்னேன். சர்க்கரை வியாதிக்காரி பட்டினி கிடக்கலாமா என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டாவது போனில் குரலில் ஒரு சந்தோஷம். "அண்ணே, இன்னிக்கி ஒரு நர்ஸ் பொண்ணு ரவிக்க தைக்கக் குடுக்க வந்துச்சு. எங்காலப் பாத்துட்டு, அக்கா நாளைக்கே வந்து காட்டுங்கன்னு சொல்லிட்டுப் போவுது. இதான் அடையாளமா இருக்குமாண்ணே?"

அவள் அதைப் பிடித்துக்கொண்டு கரையேறப் பார்த்தாள். நான் சொன்னேன்: "அடையாளம்னா அது தெளிவா இருக்கும் சாராளு. நாமளா இட்டுக்கட்டிக்கக் கூடாது."

"சரிண்ணே" என்று வைத்துவிட்டாள்.

மூன்றாவது முறை பேசியபோது வார்த்தைகள் கொஞ்சம் குழறின. தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். "வலியே இல்லண்ணே இப்ப. கிள்ளிப் பாத்தாக்கூடத் தெரியல. கர்த்தரு வலிய எடுத்துட்டாரு."

நான் ஸ்தோத்திரம் என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன்.

பாஸ்டரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அவர் வந்து எண்ணெய் பூசி ஜெபித்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "உங்க விசுவாசத்தின்படி ஆகட்டும் சிஸ்டர்" என்றுதான் சொல்லியிருக்கிறார். அவர் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ள அவர் இடம் வைக்கவில்லை.

பிறகு ஒரு காலை நேரத்தில் பக்கத்து வீட்டு ஜெயா கூப்பிட்டாள். "அண்ணே, நீங்க உடனே வாங்க. கதவத் தொறந்தா நாத்தம் தாங்க முடியல. பேச்சுக் குடுத்தாப் பேச மாட்டேங்குது."

நான் போனபோது ஜெயா அறை முழுவதும் பினாயில் தெளித்து, மேலே நீலகிரித் தைலமும் தெளித்திருந்தாள். அதற்கு அடியில் அந்த வாசனை இருந்தது. யாரோ ஒரு பெண்ணின் பட்டு ரவிக்கை, கழுத்தெல்லாம் ஜரிகை வேலையோடு, பாதி தைத்தபடி மெஷினில் இருந்தது. வெள்ளையைத் தவிர வேறு நிறம் உடுத்தாதவள், ஊருக்கெல்லாம் அப்படித் தைத்துக் கொடுத்தாள். பாயில் சாராள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பாதம் கறுத்துப் போயிருந்தது. கறுப்பு கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது.

நூற்றியெட்டு வந்து பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா சின்ன வயது. பார்த்ததும் என்னைத்தான் திட்டியது. "ஏங்க, இவ்ளோ நாளா வூட்டுல யாருமே இல்லியா?" என்று கேட்டது. முழங்காலுக்கு மேலே எடுத்தாக வேண்டும், உடனே திருச்சிக்குக் கொண்டுபோங்க என்று எழுதி, சீல் வைத்துக் கொடுத்தது.

கல்லறைத் தோட்டத்தில்

திருச்சியில் காலை எடுத்தார்கள். ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது என்றார்கள். ஐந்தாவது நாள் போய்விட்டாள்.

அடக்கத்தின்போது மழை தூறிக்கொண்டிருந்தது. சபையார் வெள்ளை உடையில் குடை பிடித்து நின்றார்கள். "நம்ம சிஸ்டர் கடைசி மட்டும் விசுவாசத்தைக் காத்துக்கிட்டாங்க" என்று ஒருவர் சாட்சி சொன்னார். எல்லோரும் ஆமென் என்றார்கள். குழியை மூடிவிட்டுத் திரும்பி நடக்கும்போது எனக்கு முன்னால் போன இரண்டு பேர் மெல்லப் பேசிக்கொண்டார்கள். "கடைசில டாக்டரத் தேடிப் போனதாலதான் போயிட்டாங்க. ஆசா கதைதான்." இரண்டையும் சொன்னது ஒரே ஆள். முன்னால் சாட்சி சொன்னாரே, அவரேதான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்து, அவர் சொன்ன இரண்டையும் இடது பக்கம் ஒன்றும் வலது பக்கம் ஒன்றுமாக எழுதினேன். கீழே எழுத ஒன்றும் வரவில்லை. அதற்குப் பிறகு அந்த நோட்டில் நான் எதையும் எழுதவில்லை. கேள்வி நேரத்துக்கும் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். ஏன் இன்னும் போகிறாய் என்று கேட்கிறார்கள். அப்பாவின் நாற்காலி அங்கேதான் இருக்கிறது.

பாடாலூர் வரும்போது

ஒன்றை நைசாகத் தாண்டி எழுதிவிட்டேன். பெரம்பலூரிலிருந்து திருச்சிக்குப் போன அந்த ஒரு மணி நேரம். அதை எழுதாமல் விட்டால் இந்த அத்தியாயத்தை எழுதியதில் அர்த்தமில்லை.

உச்சி வெயில். வண்டி சைரன் போட்டுக்கொண்டு ஹைவேயில் பறந்தது. பாடாலூர் நெருங்கும்போது, சாலையோரக் கடைகளில் சின்ன வெங்காயத்தை வலைப்பையில் கட்டித் தொங்கவிட்டிருந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. சாராள் கண் திறந்தாள். ஏறிய குளுக்கோஸில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது.

"எங்கண்ணே போறோம்?"

"திருச்சிக்கும்மா. பெரிய ஆஸ்பத்திரிக்கு."

"எதுக்கு?"

மறைக்க முடியவில்லை. "காலை எடுத்தாத்தான் உசுரு நிக்கும்னு டாக்டரம்மா எழுதி சீலு வச்சுக் குடுத்துருக்காங்க."

"கர்த்தரு சொல்லலியே" என்றாள். எழுந்து உட்காரப் பார்த்தாள். கையில் குத்தியிருந்த ஊசியைப் பிடுங்கப் போனாள். "வண்டிய நிப்பாட்டச் சொல்லுண்ணே. இவ்ளோ நாளு காத்துருந்துட்டுக் கடைசில ஆசா மாரி ஆயிடக் கூடாது. நிப்பாட்டச் சொல்லு."

கூட வந்த ஆம்புலன்ஸ்காரர் அவளைப் பிடித்துப் படுக்க வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சார், அவங்க சம்மதிக்கலன்னா அங்க போயும் லேட்டாவும். சொல்லிப் பாருங்க."

"சொல்லிட்டாரும்மா" என்றேன் நான். "கர்த்தர் சொல்லிட்டாரு."

"யாருக்கு?"

"எனக்கு."

என் முகத்தைப் பார்த்தாள். "நீ பொய் சொல்றப்ப காதத் தொடுவண்ணே. சின்னதுலேர்ந்து."

என் கை காதில்தான் இருந்தது. இறக்கினேன். இனி எந்த வசனத்தை எடுத்தாலும் நிற்காது என்று தெரிந்துவிட்டது. ஒரே ஒரு விஷயம்தான் மிச்சம் இருந்தது. செத்தாலும் சபையில் யாருக்கும் சொல்லக் கூடாது என்று வைத்திருந்த விஷயம்.

"கொரோனா சமயத்துல நான் ஊசி போட்டுக்கிட்டேன் சாராளு. ரெண்டு தடவயும்."

அவள் பார்வை என் தோள்பட்டைக்குப் போனது.

அரசாங்க உத்தரவு என்று டிப்போவில் எல்லோரையும் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். வரிசையில் நின்று போட்டுக்கொண்டேன். முழுக்கைச் சட்டை போட்டு மறைத்தேன். மறுநாள் ஊசிக் காய்ச்சல் வந்தபோது, வெறும் காய்ச்சல் என்று சபையில் சொல்லி ஜெபிக்கக் கேட்டேன். நாலு பேர் வீட்டுக்கே வந்து ஜெபித்தார்கள். பெரம்பலூரிலிருந்து வந்து இரண்டு நாள் தங்கி, என் நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டது சாராள்தான். இதையெல்லாம் அந்த வண்டிக்குள் அவளிடம் சொன்னேன்.

"எந்த வசனத்த வச்சுப் போட்டுக்கிட்ட?" என்று கேட்டாள்.

அதிகாரத்தில் இருக்கிறவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லி ரோமருக்கு எழுதின நிருபத்தில் வருகிற பகுதியைச் சொன்னேன். அவளுக்கும் அது மனப்பாடம். ஊசிக்கு முந்தின நாள் சாயங்காலம் அதைத் தேடி எடுத்துக்கொண்டேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

வண்டியின் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். சைரன் சத்தம் நின்று நின்று கேட்டது.

"காலைல பாத்த டாக்டரம்மாவும் கவர்மெண்டுதானண்ணே?"

"ஆமாம்மா."

"அதுவும் எழுதி, சீலு வச்சுத்தானே குடுத்துச்சு?"

"ஆமா."

"அப்ப அந்த வசனம் எனக்கும் பொருந்தும்ல?"

"பொருந்தும்மா."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேண்ணே" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டாள். திருச்சி வரும் வரைக்கும், வண்டியை நிறுத்தச் சொல்லி அவள் மறுபடியும் கேட்கவில்லை.